பச்சைப் புள்ளி வைத்த கறி

ஒலக்கூர் பக்கமிருந்து வரும் பஸ்ஸில்தான் தூசி அதிகம் என்பது என் மாமியாரின் முடிவு. அம்மா வீட்டுக்குப் போய்விட்டு நான் திண்டிவனம் திரும்பும் நாளில், செருப்பைக் கழற்றுவதற்குள் வெளிப் பாத்ரூமில் ஒரு பக்கெட் வெந்நீர் தயாராக இருக்கும். கொடியில் துண்டும் மாற்றுப் புடவையும் தொங்கும். "பஸ்ஸுல தூசி பட்டுக்கினு வந்திருப்ப. ஊத்திக்கினு உள்ள வாம்மா" என்பார். அன்பாகத்தான் சொல்வார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் விழுப்புரத்தில் வேலை பார்த்த காலத்தில், கல்யாணத்துக்குப் பிறகும், இந்த வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போய் வந்தேன். அந்தத் தூசிக்கு யாரும் வெந்நீர் வைத்ததில்லை.

நான் பிறந்தது ஒலக்கூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில். ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி, மற்ற நாளில் கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் கருவாடு. என் கணவர் வீடு ஜெயின் வீடு. ஜெயின் என்றதும் வடக்கேயிருந்து வந்து கடை வைத்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. செஞ்சிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த தமிழ்க் குடும்பம். தமிழைத் தவிர வேறு பேசத் தெரியாதவர்கள், கறியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள். விழுப்புரத்தில் ஒரே ஆபீசில் நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்தோம், பழகினோம், இரண்டு வீட்டிலும் அழுது தீர்த்துக் கல்யாணம் செய்துகொண்டோம்.

கறியை விடச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பேச்சு அந்த இடத்துக்கு வந்ததும் நானே சொன்னேன், விட்டுவிடுகிறேன் என்று. விட்டேன். முட்டையையும் விட்டேன். அம்மா வீட்டில் என் கண்ணெதிரே எல்லாரும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நான் ரசம் சாதம் சாப்பிட்டேன். இதையெல்லாம் திண்டிவனத்தில் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அவர்கள் கேட்கவும் இல்லை. பக்கெட்டில் வெந்நீர் மட்டும் வைத்தார்கள். நான் கொடுத்த சொல்லை இந்த வீடு நம்புகிறதா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே வருஷங்கள் போய்விட்டன.

மாமியாரின் சந்தேகம் என் மேல் மட்டும் என்று சொன்னால் பாவம். அவருக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். காளானைச் சேர்க்க மாட்டார். மீல் மேக்கரைச் சேர்க்க மாட்டார். "மெல்லும்போது பல்லுக்கே ஒரு மாதிரி இருக்குது" என்பார். சமையலறையில் காயை 'வெட்டு' என்று சொல்லக் கூடாது, 'நறுக்கு' என்றுதான் சொல்ல வேண்டும். உயிருள்ள எதன் உருவத்திலும் தின்பண்டம் வீட்டுக்குள் வரக் கூடாது. மிருகக் காட்சிசாலை மாதிரி சிங்கம் யானை என்று அச்சடித்த பிஸ்கட் கடையில் விற்குமே, அதை என் மகள் தின்று பார்த்ததே இல்லை. யானையின் தலையைக் கடித்தால், மாவு யானையாக இருந்தாலும், கடிக்கிறவன் மனசில் யானைதானே இருக்கிறது என்பது அவர்கள் வாதம். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு மகளின் ஒரு பிறந்தநாளுக்கு என் கணவரின் நண்பர்கள் முயல் பொம்மை வைத்த கேக் வாங்கி வந்துவிட்டார்கள். முயலைச் சுற்றிச் சுற்றி நறுக்கி எல்லாரும் சாப்பிட்டோம். முயல் மட்டும் ஒரு தட்டில் தனியாக உட்கார்ந்திருந்தது. அதைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. மாமியார் அதைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் எறும்புப் புற்றருகே வைத்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் நான் இந்த வீட்டுக்காரியாகிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் என் கணவர் கறி வாங்கி வந்தார்.

கறி இல்லை. செடியிலிருந்து செய்த கறி. விழுப்புரத்தில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தாராம். பெட்டி உறைந்து கல்லாக இருந்தது. அதைச் செய்தித்தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, ரயிலில் தூக்கிவந்து, தாளைப் பிரித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஃப்ரீசரில் திணித்திருக்கிறார். எனக்காகத்தான். எனக்காக எதையாவது செய்தால் அதை வாயைத் திறந்து சொல்லிச் செய்ய அவருக்கு வராது.

பெட்டியின் மேல் படம் இருந்தது. சிவந்த குழம்பு, அதில் கறித்துண்டுகள், மேலே கொத்தமல்லி. மறுநாள் ஞாயிறு காலையில் மாமியார் பால் எடுக்க ஃப்ரீசரைத் திறந்திருக்கிறார். திறந்தவர் மூடிவிட்டு நேராக என்னிடம் வந்தார். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மகனைத் தாண்டி, துணி துவைத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"ஃப்ரிட்ஜுல இன்னாம்மா இருக்குது?"

நான் போய்ப் பார்த்தேன். நான் வைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நல்லவேளையாக என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "நான்தாம்மா வாங்கியாந்தேன். சைவம்தான். பச்சைப் புள்ளி போட்டிருக்குது பாரு."

"புள்ளி வெக்க எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் மாமியார்.

என் கணவர் பெட்டியைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். பட்டாணி, சோயா, தேங்காய் எண்ணெய். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பீட்ரூட் என்றதும் மாமியார் நிறுத்தினார்.

"கறிக்கு எதுக்கு பீட்ரூட்டு?"

"ரத்தமாட்டம் செவப்பா தெரியறதுக்கும்மா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இந்த வீட்டு அடுப்படியில் அந்த வார்த்தையை அதற்கு முன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அந்தப் பெட்டியின் மேல் மாமியாருக்கு இருந்ததைவிட அதிகச் சந்தேகம். கறி தின்கிறவர்களுக்குக் கறி இருக்கிறது. தின்னாதவர்களுக்கு ஆயிரம் காய் இருக்கிறது. நடுவில் இது யாருக்கு? கறி வேண்டாம் என்று விட்டவருக்கு அதன் நாரும் நிறமும் எதற்கு? அதைவிடப் பெரிய சந்தேகம், இவர் எதற்கு இதை எனக்கு வாங்கி வந்தார் என்பது. நான் ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று இவரும் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாரா?

தூக்கிப் போட்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் மாமியாருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அது உண்மையிலேயே கறியா இல்லையா என்று தெரியாமல் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கறியாக இருந்தால் ஃப்ரிட்ஜையே கழுவ வேண்டும். இல்லையென்றால் வேண்டாம். சமைத்துப் பார்த்துவிடலாம் என்றார். வீட்டுக்குள் வேண்டாம், பின்பக்கம் இருக்கும் சின்ன கேஸ் அடுப்பில். வீசி எறியத் தயாராக ஒரு பழைய அலுமினியச் சட்டியையும் கொடுத்தார். சமைக்க வேண்டியது நான். வேறு யாருக்குத் தெரியும்?

நான் அடுப்பைப் பற்ற வைத்தேன். கையில் இருந்த பழக்கம் அப்படியே வேலை செய்தது. சோம்பு, பட்டை, மிளகு, மல்லி, தேங்காய் அரைத்த விழுது, எல்லாம் என் அம்மா போடும் அளவில் விழுந்தன. மசாலா கொதித்ததும் வாசனை சுவரைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இன்னிக்கி விசேஷம்?" என்று கேட்டார். "கத்திரிக்காதான்மா" என்றார் என் மாமியார். பொய்யே சொல்லாதவர் அவர். அந்தச் சட்டி அவரையும் சொல்ல வைத்துவிட்டது.

தட்டில் எடுத்து வைத்தேன். என் கணவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

"உனக்கு இன்னாடா தெரியும்? நீ கண்டியா, நான் கண்டனா?" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சாப்ட்டுப் பாத்து சொல்லும்மா."

இத்தனை வருஷத்தில் என் பிறந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி அந்த வீட்டில் ஒரு பேச்சு எழுந்ததில்லை. மயிலத்தில் நடந்த உறவுக்காரர் கல்யாணத்தில் யாரோ கேட்டதற்குக்கூட, "ஒலக்கூர்ப் பக்கம்" என்று சொல்லிவிட்டு மாமியார் பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். எல்லாரும் கூடி மூடிவைத்த அந்த விஷயம் இன்றைக்குத் தேவைப்பட்டுவிட்டது. மூன்று பேர் இருக்கும் இடத்தில் கறி தெரிந்த நாக்கு என்னுடையது ஒன்றுதான்.

ஒரு துண்டை எடுத்து மென்றேன். இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மசாலா நன்றாக இருந்தது, அது என் கைமணம். உள்ளே இருந்தது வேறு எதுவோ. உண்மையைச் சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று நினைத்தேன். யோசிக்காமல் சொன்னேன்.

"இது கறி இல்லிங்க அத்தை. நம்பி விடுங்க. கறின்னா நார் நாரா பிரியும். இது ரப்பராட்டம் ஒரே பக்கமா நகருது. வெந்த கறி வாயில வெச்சதும் கொஞ்சம் கொழகொழன்னு கரையும், அந்தக் கொழுப்பு நாக்குல ஒட்டிக்கினு இருக்கும். எலும்பு ஓரத்துல இருக்கிற துண்டுக்கு ஒரு இனிப்பு இருக்குமே, அது இதுல எங்க வரும்? மொத நாள் கொழம்ப மறுநாள் இட்லிக்கு ஊத்திக்கினா..."

நிறுத்திக்கொண்டேன். தாமதமாகத்தான் நிறுத்தினேன். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோ நெனப்பு இருக்குதா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பெட்டிக்கு நான் சாட்சி சொன்னேன், அது தப்பித்துக்கொண்டது. நான் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்கு முன்பு விட்டவளுக்கு நேற்றுத் தின்றது மாதிரி எப்படி ஞாபகம் இருக்கும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்கு முகத்திலேயே தெரிந்தது. வெந்நீர்ப் பக்கெட்டுகள் எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தன. அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத நான் அன்றைக்குப் பேசினேன்.

"தின்னுக்கினு இருந்தா எனக்கு எதுக்கு அத்தை நெனப்பு? வேணும்ங்கறப்ப தின்னுட்டு மறந்துட்டுப் போயிருப்பேன். விட்டதாலதான் நெனப்பு இருக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது, அது எனக்கே பிடிக்கவில்லை. மசாலாக் காரம் என்று சொல்லிக்கொண்டு எழுந்து கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது மாமியார் அந்த அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எறியத்தான் கொடுத்தார், தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். தட்டில் மிச்சம் இருந்ததை என் கணவர் ஒரு டப்பாவில் போட்டு மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போனார். அங்கே கறி தின்கிறவர்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மீல் மேக்கர்தான இது?" என்றார்களாம். எனக்கு ஏன் வாங்கி வந்தீர்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பாவம், பதில் தெரியாமல் முழித்திருப்பார்.

அடுத்த வாரம் அம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னதும் என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கறின்னா கறிய துன்னு, வாணாம்னா உடு. பட்டாணிக்கு எதுக்குடி கறி வேஷம்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க ஒரு வாய் சாப்ட்டா அங்க யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். அவளுக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை. நான் அந்த வீட்டுக்குப் பயந்துதான் சாப்பிடாமல் இருக்கிறேன் என்பது அவள் எண்ணம். எனக்கே வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கை மணிக்கட்டைப் பிடித்து இளைத்துவிட்டேனா என்று பார்ப்பாள். கேப்பைக் களியும் கீரையும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். பாத்ரூம் கதவு திறந்திருந்தது. பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. கொடியில் துண்டு இல்லை, புடவை இல்லை. மாமியார் கூடத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "வந்துட்டியா? காப்பி கலந்து வெச்சிருக்கிறேன், வா" என்றார்.

நான் வாசலிலேயே நின்றேன். மறந்துவிட்டாரா, வேண்டுமென்றுதான் வைக்கவில்லையா? கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு ரோடு போடுகிறார்கள் என்று வழியெல்லாம் மண்ணைக் கொட்டி வைத்திருந்தார்கள், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்த எனக்குக் கழுத்தெல்லாம் நறநறவென்று இருந்தது. பாத்ரூமுக்குள் போய்ப் பக்கெட்டை நிமிர்த்திக் குழாயைத் திறந்தேன். பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டேன்.

நறுக்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே மாமியாரின் குரல் கேட்டது.

"ஏம்மா, இப்ப எதுக்குக் குளிக்கிற?"

"பஸ்ஸுல ஒரே தூசிங்க அத்தை" என்றேன்.

அது உண்மைதான். அவர் நம்பியிருப்பாரா என்றுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.