வலித்ததற்கு ஏன் சிரித்தார் டாக்டர்?

"பிடுங்கிடச் சொல்லுங்கக்கா" என்று அந்த அம்மா என்னிடம் சொன்ன காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் அவருடைய மகள், எட்டாம் வகுப்புப் படிப்பவள், கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பழவங்காடியில் ஒரு பல் டாக்டரிடம் அப்போது நான் உதவியாளராக இருந்தேன். அவர்கள் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் மலையாளம். டாக்டருக்குத் தமிழ் பிடிபடாது. நடுவில் நான்.

டாக்டர் சொத்தையைச் சுரண்டி எடுத்தபோது கடைவாய்ப் பல்லின் நடுவே சின்னச் சிவப்புப் புள்ளி தெரிந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார். சற்று நேரத்தில் ரத்தம் நின்றது. அவர் முகம் தெளிந்தது. "பல்லினு ஜீவனுண்டு" என்றார். உள்ளே இருக்கும் சதை கெட்டுப்போகவில்லை, பிடுங்கவும் வேண்டாம், வேர்வரை சுத்தம் செய்யவும் வேண்டாம், மருந்து வைத்து மூடினால் பிழைத்துக்கொள்ளக்கூடும், சில மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று விளக்கினார். அதைத் தமிழில் சொல்ல நான் தடுமாறினேன். நரம்பு என்பதா, சதை என்பதா, உயிர் என்பதா? எங்கள் வீட்டில் பல்லைப் பற்றி யாரும் அப்படிப் பேசியதில்லை.

அந்த அம்மாவின் வாயில் பாதிப் பற்கள் இல்லை. பிடுங்கிய பல் மறுபடி வலிக்காது, அதற்காக இன்னொரு நாள் வேலையை விட்டு மலையிறங்க வேண்டியதுமில்லை என்பது அவர் நியாயம். மகள்தான் பல் இருக்கட்டும் என்றாள். அம்மா அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்ததும் வந்தார்கள். டாக்டர் சோதித்துப் பார்க்கப் பஞ்சில் குளிர்மருந்தை அடித்து அந்தப் பல்லில் வைத்தார். பெண் முகத்தைச் சுளித்துத் துள்ளினாள். டாக்டர் சிரித்தார். அம்மாவின் முகம் இருண்டுவிட்டது.

"இன்னமும் வலிக்குது. இதுக்கா சிரிக்கிறாங்க?"

பஞ்சை எடுத்ததும் வலி போய்விட்டதா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். போய்விட்டது என்றாள் பெண். சுருக்கென்று வந்து உடனே போனால் உள்ளே உயிர் இருக்கிறது, நின்று வலித்தால்தான் கவலை என்றார் டாக்டர். எக்ஸ்ரேயிலும் வேரடியில் குறை தெரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் குழப்பமாக இருந்தது. வலி போக வேண்டும் என்று வந்தவரிடம், வலித்தது நல்லது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அந்த அம்மா கேட்டார்.

"அப்ப எனக்குப் புடுங்குனதெல்லாம் உசுரோட இருந்த பல்லுதானா?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றினார். "அறிஞ்ஞூடா" என்றார். தெரியவில்லையாம் என்று சொன்னேன். அந்த அம்மா தலையாட்டினார்.

இன்று வேறொரு கிளினிக்கில், இந்த வைத்தியத்தை வருகிறவர்களுக்குத் தடங்கலில்லாமல் விளக்குகிறேன். ஆனால் அந்தத் தலையாட்டலுக்கு என்ன பொருள், ஆறுதலா, மனம் விட்டுப்போனதா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. படியிறங்கும்போது அவர் மகளிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "வலிச்சா மறைக்காத. சொல்லு. திரும்ப வருவோம்."