அஸ்திவாரத்துக்கு ஒரு வரி

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் தொலைபேசியை எடுக்கும் மனிதருக்கு ஊரில் நல்ல பெயர். குழாயில் தண்ணீர் வராதவர்கள் கொதித்துப்போய்க் கூப்பிடுவார்கள். மறுமுனையில் அவர் "ம்" என்பார். கிணற்றின் அடியிலிருந்து கிளம்பி வருவது போன்ற அந்த "ம்" நாலைந்து முறை காதில் விழுந்ததும், தண்ணீர் வராவிட்டால் போகிறது, நம் கஷ்டத்தை ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டாரே என்று போனை வைத்துவிடுவார்கள். அந்த "ம்"முக்குப் பின்னால் ஒரு பச்சை அநியாயம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அநியாயம் நடந்த காலத்தில் அவர் 'அவர்' ஆகியிருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த வெறும் 'அவன்'. குரல் உடையும் வயதில் மற்றப் பையன்களுக்கு ஒரு படி இறங்கியது என்றால் அவனுக்கு மாடிப்படியே இடிந்து விழுந்தது. கூடப் படித்தவர்கள் வீட்டுக்குப் போன் செய்து, "அங்கிள், உங்க பையன் இருக்கானா?" என்று அவனிடமே கேட்டார்கள். அவனும் சலித்துப்போய், "வெளியே போயிருக்கான்ப்பா" என்று சொல்லப் பழகிக்கொண்டான்.

இந்தக் குரலைக் கேள்விப்பட்டுத்தான் பல்கலைக்கழகத்தின் அகப்பெல்லா குழு அவனைத் தேடி வந்தது. வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்தான் என்பது அந்தப் பாட்டின் இலக்கணம். உயரக் குரல் வாய்த்த பாக்கியவான்கள் வரிகளைப் பாடுவார்கள். நடுத்தரக் குரல்கள் "ஊ" என்று இழுக்கும். வேதியியல் படித்த ஒரு பெண் உதட்டாலேயே டிரம்ஸ் வாசிப்பாள். அவள் பெயரும் டிரம்ஸ் என்றே ஆகிவிட்டது. அவளுக்கு எதிரே நிற்பவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்வது நல்லது. இத்தனைக்கும் அடியில் ஓர் ஆத்மா "தும், தும், தும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆத்மாதான் அவன்.

அறிவியல் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, கால் ஒடிந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒத்திகை. எதிரொலி அங்கே இலவசம். குழுவின் தலைவன் கட்டடக்கலை மாணவன். குயில் என்று அவனுக்குப் பட்டம். சூட்டியது அவனேதான் என்று ஒரு பேச்சு உண்டு. முதல் நாளே குயில் அவன் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "நாங்கல்லாம் சும்மா ஜன்னல், கதவுடா. நீதான் அஸ்திவாரம்."

பட்டம் ஒட்டிக்கொண்டது. அஸ்திவாரத்துக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் ஜன்னலைப் பார்த்து ஆகா என்பார்கள், கதவைத் தடவிப் பார்ப்பார்கள். தரையைத் தோண்டி அஸ்திவாரத்தைப் பாராட்டிவிட்டுப் போனவன் ஒருவனும் கிடையாது என்பது அவனுக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆயிற்று.

உறைக்கவைத்தவள் தங்கை. சாப்பிடும்போது ஆரம்பிப்பாள்.

"அம்மா, அண்ணன் இன்னைக்குப் புதுப் பாட்டுக் கத்துக்கிட்டு வந்திருக்கான்."

"பாடேன்டா, கேட்போம்."

"நான் பாடுறேம்மா. தும் தும் தும்."

"இது போன பாட்டுடி."

"இல்லம்மா, போன பாட்டு தும் தும். இது தும் தும் தும்."

அம்மாவுக்குத் துணி தைக்கும் பட்டறையில் வேலை. வரிசை வரிசையாக மெஷின் ஓடும் கூடத்தில் பகலெல்லாம் உட்கார்ந்து வருகிறவள். கேலி செய்ய அவளுக்குத் தெம்பு கிடையாது. ஆனால் வெள்ளையாக ஒரு கேள்வி கேட்பாள்: "ஏன்டா, உனக்கு வார்த்தையே குடுக்க மாட்டாங்களா?" தங்கையின் கேலி தோலைக் கிள்ளியது என்றால், இது எலும்பில் போய் நின்றது.

மூன்று வருடம் தும்மிய பிறகு, கடைசி ஆண்டு விழாவுக்கு முன்னால் அவன் வாயைத் திறந்து கேட்டான். "எனக்கு ஒரு வரி வேணும்." டிரம்ஸ் எழுதி மெட்டமைத்த பாட்டில், முடியப்போகிற இடத்தில், எல்லாரும் மேலே ஏறி நிற்கும்போது ஒரு வரி வரும்: 'ஒருதரம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.' அவனுக்கு அது போதும். குயில் பெருந்தன்மையாகத் தலையாட்டினான். அஸ்திவாரம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். அம்மா பட்டறையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டாள். பக்கத்து மெஷின்காரர்களிடமெல்லாம், "என் பையன் வார்த்தை பாடப்போறான்" என்றும் சொல்லிவிட்டாள்.

விழாவன்று மத்தியானம், மேடைக்குப் பின்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே குயில் சொன்னான்: "மச்சி, அந்த வரியை நானே எடுத்துக்கிறேன்."

"ஏன்?"

"துணைவேந்தர் வர்றார்டா. அது ரொம்ப வெளிச்சமான இடம். அதோட நீ பாடப் போயிட்டா தும் யாரு சொல்றது? குழுன்னா தியாகம் வேணும்டா."

அந்தத் தியாகத்தை ஏன் எப்போதும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பதற்குக் கட்டடக்கலையில் பாடம் கிடையாது போலும். "எங்க அம்மா வர்றாங்க" என்றான் அவன். "வரட்டுமே. அஸ்திவாரத்தோட அம்மாவுக்கு முதல் வரிசை" என்றான் குயில். டிரம்ஸ் மட்டும், "கொடுத்ததைப் பிடுங்குறது அசிங்கம்ணா" என்று முணுமுணுத்தாள். அதற்குள் திரை விலகிவிட்டது.

இங்கே ஒரு சங்கதி. குயில் சுத்தத்தில் கறாரானவன். சுருதி பார்க்க ஒரு சின்ன ஊதல்கூட மேடையில் கூடாது என்று சட்டம் போட்டிருந்தான். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அஸ்திவாரம் மெல்ல "ம்" என்று ஒரு சுரம் கொடுப்பான். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்புவார்கள். ஊர் உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்படுகிற குயில் இந்த "ம்"மை மட்டும் சந்தேகப்பட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பது போல அதில் ஒரு நம்பிக்கை.

அன்றைக்கு அந்தப் பாட்டுக்கு அஸ்திவாரம் கொடுத்த "ம்", வழக்கமான இடத்துக்கு மூன்று படி மேலே இருந்தது.

கட்டடம் முழுவதும் மூன்று படி மேலே ஏறி நின்றது. முதல் சரணம் பரவாயில்லை. இரண்டாவதில் குயிலின் கழுத்து நரம்புகள் ஒவ்வொன்றாகப் புடைத்தன. டிரம்ஸ் கண்ணை உருட்டி அஸ்திவாரத்தைப் பார்த்தாள். அவன் சாந்தமாக "தும் தும்" என்று கடமையைச் செய்துகொண்டிருந்தான். அந்த வரி வந்தது. குயில் எம்பினான். 'ஒருதரம்' வரைக்கும் போனான். அதற்கு மேல் எண்ணெய் காணாத கதவின் கீல் போல ஒரு கீச்சு வந்து, அதுவும் நின்றது. "ஊ"க்காரர்கள் திகைத்து, வாய் திறந்தபடி ஊமையானார்கள். டிரம்ஸ் உதட்டை மூடிக்கொண்டாள்.

மண்டபம் நிசப்தம். அந்த நிசப்தத்தில், மேலே எட்டாத வரியை அவன் கீழே எடுத்தான். ஒரு ஸ்தாயி முழுக்க இறக்கி, அவசரமில்லாமல், முழு வரியையும் பாடினான். 'ஒருதரம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.' நாற்காலிக் கைப்பிடிகளெல்லாம் அதிர்ந்தன. பிறகு எழுந்ததே கைத்தட்டல், அதில் மேடை கிடுகிடுத்தது.

குயில் முன்னால் வந்து குனிந்து அதை வாங்கிக்கொண்டான். வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை, நெஞ்சில் கைவைத்து ஒருமுறை. மேடையேறி வந்த துணைவேந்தரிடம், "வேணும்னே வச்ச உத்தி சார், மௌனத்தோட மதிப்பைக் காட்ட" என்றான். துணைவேந்தர் மெய்ம்மறந்து அவன் கையைக் குலுக்கினார். பிறகு, வாத்தியமே இல்லாத அந்தக் குழுவைச் சுற்றிலும் தேடிப் பார்த்துக் கேட்டார்: "கடைசியில் அதிர்ந்ததே, அந்த ஸ்பீக்கர் எங்கே வாங்கினீங்க?"

இதற்கு மேல் ஒரு மனிதனை என்ன செய்துவிட முடியும்? அவன் மேடையை விட்டு இறங்கினான். போகட்டும். கேட்க வேண்டியவள் கேட்டாளே.

அம்மா முதல் வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டியபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேடா உனக்கு?"

"என்னம்மா ஆச்சு?"

"அத்தனை பேர்ல உன் குரல் எதுன்னு கண்ணை மூடிக்கிட்டுத் தேடினேன். கிடைச்சிருச்சு. அடியில தும் தும்னு, நம்ம மெஷின் ஓடுற மாதிரி. அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திடீர்னு நின்னுபோச்சு. நூல் அறுந்தா இப்படித்தான் நிக்கும். எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. எம்புள்ளைக்கு என்னவோ ஆயிருச்சுன்னு எந்திரிச்சுட்டேன்."

"அம்மா, அப்போதான் நான் வரி பாடினேன்."

"யாரோ ஒரு பெரிய மனுஷர் பாடினாரே, அதுவா? நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு எங்க அது காதுல ஏறுச்சு? தும் எங்க, தும் எங்கன்னு தவிச்சுக்கிட்டிருந்தேன்."

பின்னால் நின்ற தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனுக்குக் காது மடல் வரை சுட்டது. பறித்தவனுக்குக் கைத்தட்டல், பாடினது ஸ்பீக்கர், பெற்றவளுக்குப் பிடித்தது தும். உலகத்தைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேட்க, மூன்று வருடத்து வார்த்தைகள் தொண்டை வரை ஏறி நின்றன.

அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நடுவுல நிறுத்தாதடா" என்றாள்.

"ம்" என்றான்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.