கேட்காத பாட்டுக்கு ஒரு சூப்பர்

போன செவ்வாய்க்கிழமை மும்பையில் செம்பூரிலிருந்து டிராம்பேக்கு ஆட்டோவில் போனேன். பாதி வழியில் என் போன் உயிரை விட்டது. சார்ஜ் இல்லை. போன் இல்லாத மனிதன் டிராபிக்கில் என்ன செய்வான்? ஆட்டோவில் ஓடிய பாட்டைக் கேட்டான்.

எனக்கும் புதுப் பாட்டுக்கும் ஆகாது. என் மியூசிக் ஆப்பில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறதாம். எனக்கென்று அது பொறுக்கித் தருவதோ, காலேஜில் நான் கேட்ட அதே இருபது பாட்டு! தப்பித் தவறிப் புதிதாக ஒன்று வந்தால் பத்து செகண்டில் தள்ளிவிடுவேன். அப்புறம், 'இப்போதெல்லாம் யார் நல்ல பாட்டு போடுகிறார்கள்?' என்று அலுத்துக்கொள்வேன்.

ஆட்டோவில் தள்ள முடியாதே... முதல் நிமிடம் எரிச்சல். இரண்டாவது நிமிடம் ஒரு பெண் குரல் – ஜலதோஷம் பிடித்த மாதிரி, ஆனால் ஆளை விடாத குரல். மூன்றாவது நிமிடம் பார்த்தால், என் கால் தாளம் போடுகிறது!

"பாட்டு நன்னா இருக்கே, யார் பாடினது?" என்றேன் டிரைவரிடம்.

"யாருன்னு தெரியல அண்ணாச்சி. எம் மவ ஏத்திக் குடுத்தா. தாராவியில எங்க வீட்ல நாள் பூரா இதான் ஓடுது. மொதல்ல நானும் ஏசத்தான் செஞ்சேன்."

அவர் போனில் பார்த்து, பாட்டின் பெயரை ஒரு பில்லின் பின்னால் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், புனேயில் வேலை பார்க்கும் மகளுக்கு போன். "நித்யா, ஒரு புதுப் பாட்டு கண்டுபிடிச்சிருக்கேன்! அனுப்பிருக்கேன், கேளு."



"அப்பா... இது நான் தீபாவளிக்கு முன்னாடியே உனக்கு அனுப்பின பாட்டு."

"எனக்கா?"

"'சூப்பர்மா'ன்னு ரிப்ளை வேற போட்டிருக்கே. போய்ப் பாரு."

பார்த்தேன். புனே போனதிலிருந்து வாரம் ஒரு பாட்டு அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் கீழே என் 'சூப்பர்மா'. பாட்டு ஓடுவது நான்கு நிமிடம். என் பாராட்டு போனது அரை நிமிடத்தில்! ஆபீசில் பாஸிடம்கூட நான் இவ்வளவு கூசாமல் பொய் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்தேன். முதலிலிருந்து, ஒவ்வொன்றாக, ஒன்றையும் தள்ளாமல். எட்டாவது பாட்டில் பொறுமை போய்விட்டது. 'இது நன்னாவே இல்லடி. தகர டப்பாவை மாடிப்படியில உருட்டற மாதிரி இருக்கு' என்று அனுப்பினேன்.

உடனே போன் அடித்தது. கோபமோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். சிரிக்கிறாள்!

"அப்பா, இப்பதான் நெஜமாவே கேட்டிருக்கே!"

அந்த டப்பா பாட்டை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். அவள் புனே போன பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

யாராவது பாட்டு அனுப்பினால் பாராட்டுவது இருக்கட்டும்... முதலில் கேட்டுத் தொலையுங்கள்!