கழுவ வேண்டாத கொத்தமல்லி

“என் கொத்தமல்லியை மறுபடி கழுவினா, அது எனக்குப் பண்ற அவமானம்! பையைப் பிரிச்சு அப்படியே வாயில போட்டுக்கலாம்.”

மயிலாப்பூர் ராமானுஜம் தி.நகர் மளிகைக்கடைக்காரர் இனாயத்திடம் இப்படி முழங்கியது 1996இல். கேட்டுக்கொண்டிருந்த மற்றொருவர் சீயக்காய் வாங்க வந்தவர். ஆனாலும் அது பேருரைதான்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக ஜோசியம் கற்பார்கள். ராமானுஜம், கீரை ஆய நேரமில்லாத உத்தியோகப் பெண்களை உய்விக்கத் தீர்மானித்தார். மனைவி ஜானகி ஆய்ந்து நறுக்குவாள். இவர் கிணற்று நீரில் அலசி, பாலிதீன் பையில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் வாயை ஒட்டுவார். குழாய்த் தண்ணீர் கொத்தமல்லியைத் தொடக்கூடாது. அதில் மருந்து வாடை. கிணறோ தாத்தா வெட்டியது. அதை ஒட்டிப் போகும் கழிவுநீர்க் குழாயும் தாத்தா பதித்ததுதான் என்பதைக் குடும்பப் பெருமையில் அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

ஐப்பசி மழை விட்டதும் இனாயத் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “இன்னா மாமா, பின்னாடி ஃப்ளாட்டுல அல்லாருக்கும் வயித்தால போய்க்கினு கீது. எல்லாம் மல்லி சட்னி துன்னவங்க.”

“தேங்காய் ஊசியிருக்கும். தேங்காய்க்காரனைப் போய்க் கேளு.”

“ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமே?”

“நிறுத்தறதா? நன்னாருக்கு!” என்று புதுப் பைகளை அடுக்கிவிட்டு வந்தார்.

அன்று மாலை ஜானகியும் வயிற்றுப்போக்கில் படுத்தாள். மத்தியானம் மோர்சாதத்துக்குப் பச்சைக் கொத்தமல்லித் துவையல் தொட்டுக்கொண்டிருந்தாள். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: “வெளியில ஏதாவது சாப்பிட்டாங்களா?”

ராமானுஜம் நிமிர்ந்தார். “எங்காத்துல யாரும் வெளியில பச்சைத் தண்ணிகூடத் தொடமாட்டோம்!”

“அப்ப வீட்டுல என்ன சாப்பிட்டாங்க?”

“மோர்சாதம்,” என்றார் ராமானுஜம், துவையலை விட்டுவிட்டு.

“ஏன்னா,” என்றாள் ஜானகி, கண்ணைத் திறக்காமல். “கடையில இருக்கறதைத் திருப்பி வாங்கிண்டு வந்துடுங்கோ. குழந்தைகள் சாப்பிடறது.”

“முதல்ல உனக்குச் சரியாகட்டும். தண்டோரா எல்லாம் அப்புறம்.”

சரியாகவில்லை. உடம்பின் நீரெல்லாம் வற்றி, மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். இலை ஆய்ந்த பச்சை அவள் நகக்கண்களில் அப்படியே இருந்தது.

தீட்டுள்ளவர் பிறர் வீட்டுப் படியேறக்கூடாதென்று தெருவுக்கே உபதேசித்தவர், தகனம் முடிந்த மறுநாள் காலை கோணிப்பையுடன் கடையில் நின்றார். மிச்சமிருந்த பைகளை அள்ளிப் போட்டார்.

“பாதி போயிடுச்சு மாமா,” என்றார் இனாயத். “நீ சொன்னியேன்னு வித்துட்டேன். கழுவினா சரியாப் போவுமா?”

“போகாது இனாயத். வாங்கினவா யார் யாருன்னு சொல்லு.”

ஃப்ளாட்டின் முதல் மாடியில், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். ராமானுஜம் நிலைப்படிக்கு எட்டவே நின்றார்.

“கொத்தமல்லி போடறவன்மா நான். மிச்சம் இருந்தா குடுத்துடு. குழந்தைக்குக் குடுத்துடாதே.”