மத்திக்கு ரேஷன் கார்டு இல்லை

செஞ்சியில் மீன் விற்கிறவனுக்குக் கடல் கண்ணுக்கெட்டாத தூரம், ஆனால் அங்கே என்ன நடந்தாலும் ஏச்சு மட்டும் இங்கே வாசலிலேயே கிடைத்துவிடும். தெருவில் கூவி விற்றுப் பிழைக்கிற உங்களுக்கு நான் புதுசாகச் சொல்ல வேண்டுமா என்ன!

வாசல் விசாரணை

விடியற்காலையில் மரக்காணத்திலிருந்து குட்டியானை வண்டியில் மீன் வரும். ஐஸ் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு சிங்கவரம் வரை போவேன். வஞ்சிரம் வாங்குகிற வீடு எங்கேயோ ஒன்று. மத்தி வாங்குகிற வீடுதான் தெருவெல்லாம். என் அடுப்பு எரிவதே மத்தியால்தான்.

போன கோடையில் அந்த மத்தி வரத்து குறைந்துபோனது. வந்ததும் வற்றலாக வந்தது. பள்ளிவாசல் தெரு நூருன்னிசா அம்மா எப்போதும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அன்று வாலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மீன்காரரே, இது மீனா, மீனோட எக்ஸ்ரேவா?"

சண்டைக்குப் போன இடம்

நல்ல மத்தியைப் பாண்டிச்சேரிக்குத் தள்ளிவிட்டு, கழிசலை எனக்கு அனுப்புகிறான் என்று படகுக்காரன் கன்னியப்பன்மேல் எனக்கு ஆத்திரம். பஸ் ஏறி மரக்காணத்துக்கே போய்விட்டேன். அவனோ கை வீங்கி உட்கார்ந்திருந்தான். வலை நிறைய சொறிமீன், கண்ணாடிக் கூழ் மாதிரி. தொட்ட இடமெல்லாம் தடிப்பு. திட்ட வாயெடுத்தவன் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

தண்ணீரில் காலை வைக்கச் சொன்னான். குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போல இருந்தது. மேல் தண்ணீர் இப்படிச் சுட்டால் மத்தி தின்கிற பொடிப்பாசி சரியாக வளராதாம். சொறிமீனுக்கு மட்டும் கொண்டாட்டமாம். "அப்போ மத்தி எங்கேடா?" என்றேன்.

"அதுக்கு இன்னா ரேஷன் கார்டாண்ணே இருக்குது, இங்கியே கெடக்க? குளுமையைத் தேடிப் போயிடுச்சு."

கோழிக்கூண்டு

மத்தி இல்லாமல் தெருத்தெருவாகச் சுற்றி என்ன செய்வது? மருமகள் செல்வி பிராய்லர் கடை போடலாம் என்றாள். வெல்டிங் கடையில் சொல்லி இரும்புக் கூண்டும் வந்து இறங்கியது. மீன் மீன் என்று கூவிய தொண்டை இது, கூண்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்காருவதா? நாளைக்கு ஆகட்டும், அமாவாசை போகட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். செல்விக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கோழிக்குக் கடலும் வாணாம், காத்தும் வாணாம். உங்களுக்குத்தான் அது வாணும்."

போன் வந்தது

ஐப்பசி மழை அடித்து ஓய்ந்த பிறகு ஒருநாள் கன்னியப்பன் கூப்பிட்டான். தண்ணீர் ஆறிவிட்டதாம். மீன் அண்டுவதற்காகக் கடலடியில் இறக்கிய சிமெண்டுக் கூடுகளில்கூடப் பாசியும் சிப்பியும் ஒட்டி, சங்கரா மீன் குடிவந்துவிட்டதாம். நான் கேட்க நினைத்ததைக் கேட்கப் பயமாக இருந்தது. அவனே சொன்னான்.

"அண்ணே, பெட்டியக் கழுவி வை. மத்தி வந்துட்டுது."

மறுபடியும் வாசல்

கொழுத்த மத்தி, சட்டியில் போட்டால் அதன் எண்ணெயே மிதக்கும். ஒரு வாரம் தெருவெல்லாம் அதே குழம்பு வாசம். கூண்டில் இப்போது ஐஸ் சாக்கு காய்கிறது. ஆனாலும் அதை விற்கவில்லை, அடுத்த கோடை வராமலா போகும்? எட்டாம் நாள் நூருன்னிசா அம்மா பெட்டியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தெனம் இந்த மத்திதானா? கடல்ல வேற மீனே இல்லியா?"

ஏச்சு வாங்கிக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக வண்டியை உதைத்துக் கிளப்பியவன் செஞ்சியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.