ஈரத்தலையும் ஜெர்மனிச் சர்வாதிகாரியும்

எழுபதுகளின் கடைசியில், பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் திரிந்த இரண்டு வருடமும் சண்டை போட எனக்கு ஓர் இடம் இருந்தது: தென்காசியில் எங்கள் கிளை நூலகத்தின் கருத்து நோட்டு. ஒருவர் எழுதுவார், அடியில் இன்னொருவர் மறுப்பார். யாரும் பெயர் போடுவதில்லை. நாலு மறுப்பு தாண்டினால் யாராவது ஒருவர் சர்வாதிகாரி ஆகிவிடுவார். பெரும்பாலும் ஆக்குவது நான்தான்.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சைக்கிளை மிதித்து நேராகப் பேப்பர் படிக்க வருவேன். ஒரு நாள் நூலகர் வாசலிலேயே மறித்தார்.

"தம்பி, தல சொட்டுது. நேத்து நீ படிச்ச பேப்பர்ல எண்ண எறங்கி, பின்பக்கத்துக் கிரிக்கெட்டு தலையங்கத்துல தெரியுது. தொவட்டிட்டு உள்ள வா."

தன் துண்டையும் நீட்டினார். நான் தொடவில்லை. நோட்டை மட்டும் வாசலுக்குக் கேட்டு வாங்கி எழுதினேன்: 'வதைமுகாம்களும் இப்படித்தான் தொடங்கின. இவர் நம்மூர் ஜெர்மனிச் சர்வாதிகாரி.' மறுநாள் அதன் அடியில், 'அப்போ நீர் ரோமாபுரியைக் கொளுத்தியவரோ?' என்றிருந்தது. எனக்குப் பரம சந்தோஷம். அரைப்பக்கம் பதில் எழுதினேன்.

அந்த வாரமே மாவட்ட நூலக அதிகாரி ஆய்வுக்கு வந்தார். நோட்டைப் புரட்டியவர் நிமிர்ந்து, "இங்கன என்ன கொடுமை நடக்குது?" என்றார். பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதில், "நம்ம நூலகர் ஆறு வருசமா தற்காலிகம். இன்னைக்கு அதிகாரி நல்லபடியா எழுதுனாத்தான் நிரந்தரம்" என்றார்.

நூலகருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லை.

எழுந்தேன். "நான்தான் எழுதுனேன், சார்."

"என்ன செஞ்சாரு?"

"தல தொவட்டச் சொன்னாரு."

"வேற?"

"துண்டு குடுத்தாரு."

"அந்த ஜெர்மனிக்காரன் துண்டு குடுத்ததா நான் படிச்சதில்லையே வே."

படித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பேப்பர்கள் குலுங்கின.

"இப்ப சொன்னத அப்படியே எழுதும். பேரும் போடும்."

போட்டேன். அதிகாரி வாசித்துவிட்டு, நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

நூலகர் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. புத்தகம் கொடுக்கும் ரிஜிஸ்தரைப் பிரித்தார்.

"வரலாறு நாலாவது அலமாரி, தம்பி. ரெண்டு வருசத்துல நீ துப்பறியும் கதையைத் தவிர ஒண்ணும் எடுக்கலியே. வதைமுகாம் சேதியெல்லாம் யாரு சொன்னா?"

துப்பறியும் மாத நாவல் ஒன்றில் வந்த வில்லன்தான் சொன்னான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.