மழை வருதுன்னு சொன்ன குரல்

கிளாவரை மலைக்கிராமத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் வெள்ளைப்பூண்டு. டவர் வந்த பிறகு ஊரே வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொள்கிறது. டைப் அடிக்கச் சோம்பல்பட்டு, குரலைப் பதிந்து அனுப்பிவிடுவோம்.

போன மாசம் ஒருநாள் வெள்ளனே, பக்கத்து ஊர்த் தங்கச்சி எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜை அனுப்பினாள். யாரோ ஒரு பெண் மூக்கடைத்த குரலில், "பெரிய மழை வருதுங்க! பூண்டை வெரசா பிடுங்கிருங்க, கெடந்தா அழுகிரும்" என்று பதறினாள்.

என் கணவர் வானத்தைப் பார்த்தார். "மேகமே இல்ல. இன்னும் இருபது நாள் கெடக்கட்டும்" என்றார்.

வானத்தை நம்புவதா, போனை நம்புவதா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தப் பதற்றத்தில் பொய் தெரியவில்லை. அவரோடு சண்டை போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு, பாதிப் பூண்டைப் பிடுங்கிவிட்டேன். பல்லெல்லாம் சிறுத்துக் கிடந்தது.

அப்புறம் ஒரு வாரம் சுள்ளென்று வெயில்.

நாத்தனார் வந்தபோது அந்த மெசேஜைப் போட்டுக் காட்டி, "இவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்றேன். அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"மதினி, பின்னாடி குலைக்கிறது நம்ம நாய் கருப்பன். பேசுறது நீங்கதான்!"

போன வருஷம் சளி பிடித்திருந்தபோது நானே பேசி அனுப்பியது. அன்றைக்கு மழை நிஜம். எந்தெந்த ஊர் சுற்றி வந்ததோ! என் குரல் எனக்கே எப்படித் தெரியாமல் போனது என்று இன்னும் குழப்பம்தான்.

இப்போதெல்லாம் பேர், ஊர், தேதி சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன். நடுவில் கருப்பன் குலைத்தால் விரட்டுவதில்லை. அவன் குரலும் பதியட்டும்.